யாரும் சொல்லித்தராமல் ஒரு நெட்வொர்க் எப்படிக் கற்கிறது? பதினொரு வயதுப் பையன் கேட்டது

மாடி செஸ் எழுதியது:

வணக்கம். நான் கணினி படித்தவள் இல்லை, பி.காம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷெட் போட்டுப் பதினாறு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். ஆறு போர்டு, ஒரு டேபிள் ஃபேன், சுவரில் ஆனந்த் படம், பக்கத்தில் 2024 டிசம்பரில் பிள்ளைகளே ஒட்டிய குகேஷ் படம். இவ்வளவுதான் அகாடமி.

போன சனிக்கிழமை ஒரு பையன் ஏழாவது நகர்த்தலிலேயே எச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு போனான். காஸ்லிங் பண்ணவில்லை, ஒரு குதிரை இன்னும் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. "ராஜாவைப் பத்திரம் பண்ணாமல் ஓரத்துச் சிப்பாயோடு என்னடா விளையாட்டு?" என்று அதட்டினேன். "ஆல்ஃபாஸீரோ இப்படித்தான் மிஸ் ஆடும்" என்றான். அது செஸ் ஆடும் ஏஐ நிரல், யூடியூபில் பார்த்திருக்கிறான். சரி, அது ஆடும், நீ ஆடாதே என்று சொல்லி முடித்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை, தெரியுமா? தானே தன்னோடு விளையாடிக் கற்றுக்கொண்டது" என்று பெருமையாக எடுத்துவிட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "யாருமே சொல்லலைன்னா, தான் ஆடினது தப்புன்னு அதுக்கு எப்படி மிஸ் தெரியும்?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. 2017 டிசம்பரில் அதைச் செய்த டீப்மைண்ட் என்ற கூகுளின் ஏஐ நிறுவனத்து ஆள்கள் ஒரு கட்டுரையில் அறிவித்தார்கள்: விதிகளை மட்டும் கொடுத்தோம், நாலு மணி நேரத்தில் அப்போதைய பலசாலிச் செஸ் நிரலான ஸ்டாக்ஃபிஷ்ஷைத் தாண்டிவிட்டது என்று. 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு ஓப்பனிங் புத்தகம், அதாவது ஆரம்ப நகர்த்தல்களின் பட்டியல், தரவில்லை, நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டார்கள் என்று அப்போது ஒரே சண்டை. அடுத்த வருடம் 1000 ஆட்டம் வைத்து, 155 வெற்றி, 6 தோல்வி என்று காட்டினார்கள். அதோடு சண்டை அடங்கியது. எனக்கு வலித்தது வேறு இடம். அது கற்றுக்கொண்டே போகும்போது, கறுப்புக் காய்க்காரர் ஆடும் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கைக் கொஞ்சம் ஆடிப்பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டதாக அந்தக் கட்டுரையில் ஒரு வரைபடம் இருந்தது. நான் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டிஃபென்ஸ்தான் சொல்லித் தருகிறேன்!

இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் ஒரு காதுகுத்தில் என் கொழுந்தன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, ஏஐ தானாவே கண்டுபிடிச்சு பேட்டன்டே வாங்கிருச்சு, நீங்க இன்னும் சிப்பாய் தள்ளிட்டிருக்கீங்க" என்றார். உண்மையா? பையனுக்குச் சொல்கிற மாதிரி யாராவது விளக்குங்கள். சூத்திரம் வேண்டாம்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

எல்லாம் மனப்பாடம்தான் அக்கா. நம்ம பசங்க பப்ளிக் பரீட்சைக்குப் பண்றதை அது கரன்ட்ல பண்ணுது. பாலைப் பாருங்க, பொங்கிடப் போகுது.

புளியங்கொட்டை எழுதியது:

தம்பி வெட்டிப்பேச்சு, மனப்பாடம் பண்ண முதலில் ஒரு நோட்ஸ் வேண்டும் இல்லையா? ஆல்ஃபாஸீரோவுக்கு மனிதர்கள் ஆடிய ஆட்டம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. வேறென்ன குற்றம் வேண்டுமானாலும் சொல்லலாம், மனப்பாடம் என்று சொல்ல முடியாது.

அக்கா, உங்கள் பையன் கேட்டது சரியான கேள்வி. ஆறு வருடம் முன்னால் நான் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கதையைச் சொன்னால் அவனுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

2020 ஊரடங்கில் திருநெல்வேலிப் பக்கம் அத்தை வீட்டில் மாட்டிக்கொண்டேன். கையில் ஒரு பழைய லேப்டாப். அத்தை சாயங்காலமானால் திண்ணையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் வரைந்துவிடும். 23 புள்ளி, புலிக்கு மூன்று கருங்கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. நான் தினமும் தோற்றேன். சரி, செஸ்ஸுக்குச் செய்ததை இதற்குச் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

நெட்வொர்க் என்றால் உள்ளே எண்களைப் போட்டால் வெளியே விடை தரும் ஒரு கணக்கு எந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது மிகச் சின்னது. ஒவ்வொரு புள்ளியிலும் புலியா, ஆடா, காலியா, கையில் மிச்சம் எத்தனை ஆடு, வெட்டுப்பட்டது எத்தனை, யார் முறை. இதுதான் உள்ளே போகும். வெளியே ஒரே ஓர் எண் வரும்: இந்த நிலையிலிருந்து புலி ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு. நடுவில் சில ஆயிரம் எடைகள், அதாவது விடையை மாற்ற நாம் திருகக்கூடிய எண்கள். ஆரம்பத்தில் எடைகள் எல்லாம் குருட்டாம்போக்கு எண்கள், அதனால் வெளியே வருவதும் குருட்டாம்போக்கு. இதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அதுவே ஆடும். தப்பு, சரி எதுவும் தெரியாது. உங்கள் பையன் சந்தேகப்பட்டது நூற்றுக்கு நூறு சரி, ஆடும்போது அதற்குத் தெரியவே தெரியாது.

ஆனால் ஆட்டம் முடியும். முடியும்போது ஒரு பக்கம் ஜெயிக்கும், அதில் கருத்துக்கே இடமில்லை. அந்தக் கடைசி நிலைக்கு நெட்வொர்க் 'புலிக்குப் பாதி வாய்ப்பு' என்று சொல்லியிருந்து புலி ஜெயித்திருந்தால், அடுத்த தடவை கொஞ்சம் கூடச் சொல்லும்படி எடைகளைத் துளித் துளியாகத் திருகுவோம். கடைசிக்கு முந்தைய நிலையை, கடைசி நிலைக்குச் சொன்ன எண்ணுக்குக் கிட்டே கொண்டுவருவோம். அதற்கு முந்தையதை அடுத்ததுக்குக் கிட்டே. சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. முதலில் ஆட்டத்தின் கடைசி நகர்த்தல்களில் மட்டும் அறிவு நனையும். பல ஆயிரம் ஆட்டத்துக்குப் பிறகுதான் அந்த ஈரம் முதல் நகர்த்தல்வரை வந்து சேரும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1992வாக்கில் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ என்பவர் பேக்கேமனுக்குச் செய்தது. பேக்கேமன் நம் தாயம் மாதிரி, பகடை உருட்டிக் காய் ஓட்டுகிற ஆட்டம். டிடி-கேமன் என்று பேர். நடு அடுக்கில் 80 அலகுகள்தான், இன்றைக்கு அது கொசு. தன்னோடு தானே 15 லட்சம் ஆட்டம் ஆடி, உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் பக்கத்தில் வந்து நின்றது. ஆரம்பத்தில் ஐம்பது அறுபது உருட்டில் முடிய வேண்டிய ஆட்டத்தை நூற்றுக்கணக்கில், சிலசமயம் ஆயிரக்கணக்கில் இழுத்ததாம். முதல் உருட்டில் இரண்டு-ஒன்று, நாலு-ஒன்று மாதிரி விழுந்தால் இப்படித்தான் ஆட வேண்டும் என்று பெரிய ஆள்கள் ரொம்ப நாளாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: ஒரு காயைத் தனியாக முன்னே நிறுத்தித் துணிந்து பார்ப்பது. டிடி-கேமன் அதை ஒதுக்கிவிட்டுப் பின்னால் நிற்கும் காய்களைப் பிரித்து வைத்தது. ஆள்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அது சொன்னதுதான் சரி என்று ஆனது. போட்டிகளில் மனிதர்களே தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆல்ஃபாஸீரோவுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால் நடந்தது இது.

என் கதைக்கு வருகிறேன். முதல் ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் சில நூறு ஆட்டம்கூட முடியவில்லை. புலி இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் போய்ப் போய் வருகிறது, ஆடும் அதேபோல். பேக்கேமனில் பகடை இருக்கிறது, அது காய்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகும், ஆட்டம் என்றைக்காவது முடிந்துதான் ஆக வேண்டும். ஆடுபுலியில் தள்ள ஆள் இல்லை. சரி, 200 நகர்த்தலுக்கு மேல் போனால் டிரா, இரண்டு பேருக்கும் பாதிப் புள்ளி என்று வைத்தேன். இரண்டு நாளில் ஆடுகள் சோம்பேறியாகிவிட்டன. புலியைக் கட்டப் போவதே இல்லை, 200 வரை பிழைத்துக் கிடந்தால் போதும் என்று ஓரமாக நெளிந்தன. அதன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நான் கொடுத்த மார்க்குக்கு அதுதான் சரியான படிப்பு. டிராவை ஆட்டுக்குத் தோல்வி என்று மாற்றியபிறகுதான் ஆடுகள் எழுந்தன.

அடுத்த வாரம் ஒரு அதிசயம். திடீரென்று புலி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஜெயிக்கிறது. மூலையில் போய் நின்றுகொண்டு ஆடுகளைச் சரம் சரமாக வெட்டுகிறது. நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் 'மனிதன் பார்த்திராத புது உத்தி' என்று போட்டுவிட்டேன். அத்தையிடம் லேப்டாப்பைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு ஆட்டம் பார்த்தது. "ஏல, புலி என்ன மூலையில திரும்பி வெட்டுது? வெட்டுனா நேர்கோட்டுலலா வெட்டணும். இது கள்ள ஆட்டம்லா" என்றது. தாவும் புள்ளிகளின் பட்டியலை நான் கையால் தட்டச்சு செய்தபோது ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தேன். நெட்வொர்க் அந்த ஒற்றை ஓட்டையை மோப்பம் பிடித்து, முழு ஆட்டத்தையும் அதைச் சுற்றிக் கட்டியிருந்தது. குழுவில் போட்டதை அழிக்கவும் முடியவில்லை, எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை ஆடுகள் விளிம்புப் புள்ளிகளிலாகப் போய் உட்கார ஆரம்பித்தன. விளிம்பில் நிற்கும் ஆட்டை உள்ளிருந்து தாண்டிக் குதிக்க அந்தப் பக்கம் இடம் கிடையாது. எனக்கு ஏழு வயதில் அத்தை சொன்ன முதல் பாடம், "சுவரோரமா ஆட்டை வை." யாரும் அதை நெட்வொர்க்குக்குச் சொல்லவில்லை. அப்புறம் இன்னொன்று வந்தது. ஆரம்பத்திலேயே ஓர் ஆட்டை வேண்டுமென்றே புலி வாயில் கொடுத்து, அந்தப் புலியைக் கீழே இழுத்துவிட்டு, மேலே இருக்கும் இரண்டையும் கட்டுவது. இது அத்தையும் ஆடிப் பார்த்ததில்லை. இதுதான் நிஜக் கண்டுபிடிப்பு என்று ஓடிப்போய்க் காட்டினேன். அத்தை ரொம்ப நேரம் திரையைப் பார்த்தது. "எங்க அம்மா இப்படித்தான் ஆடுவா. எனக்கு மறந்தே போச்சு" என்றது.

பையனுக்கு ஆல்ஃபாஸீரோவைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு எண்ணம் உண்டு: எந்த நகர்த்தல் நல்லதாகத் தோன்றுகிறது, யார் ஜெயிப்பார்கள். இந்த முதல் தோன்றலை வைத்துக்கொண்டு சில நகர்த்தல் முன்னே போய்ப் பார்க்கும். பார்த்தபின் வரும் முடிவு, பார்க்கும்முன் தோன்றியதைவிடக் கொஞ்சமாவது மேலாக இருக்கும். அந்தக் 'கொஞ்சம்'தான் அதற்கு வாத்தியார். அடுத்த தடவை பார்க்காமலே அந்த முடிவு தோன்றும்படி எடைகளைத் திருகுகிறார்கள். நாலு மணி நேரம் என்று கேட்டு மலைக்க வேண்டாம். ஆட்டங்களை ஆடித்தள்ள மட்டும் 5000 சிறப்புச் சிப்புகள், ஒன்பது மணி நேரப் பயிற்சியில் 4 கோடியே 40 லட்சம் ஆட்டம். உங்கள் மாடியில் ஆறு போர்டு.

மாடி செஸ் எழுதியது:

தம்பி, இரண்டு தடவை படித்தேன். ஓதம் ஏறுவது என்றதும் புரிந்துவிட்டது, எங்கள் கீழ் வீட்டுச் சுவரே அப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் கடைசி ஆட்டத்தை முதலில் சொல்லித் தருகிறேன், ராஜா-சிப்பாய் முடிவுகள், அப்புறம்தான் ஓப்பனிங். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பது போலத் தோன்றுகிறது.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'தானே' என்பது பாதிதான். யார் ஜெயித்தார் என்று சொல்ல ஒரு நடுவர் எப்போதும் இருக்கிறார், அந்த நடுவரை ஆள்தான் வைக்கிறார். நீங்கள் நடுவருக்குத் தப்பான விதியைக் கொடுத்தபோது அது கள்ள ஆட்டம் கற்றுக்கொண்டது. செஸ்ஸுக்கு நடுவர் இருக்கிறார். கொழுந்தன் சொன்ன பேட்டன்டுக்கு யார் நடுவர்? ஒரு புதுச் சாமான் நல்ல சாமானா என்று அதற்கு யார் சொன்னது?

கிண்டி ஃபைல் எழுதியது:

அம்மா, நான் பேட்டன்ட் ஏஜென்ட், வக்கீல் இல்லை. கிண்டி பேட்டன்ட் அலுவலக வராந்தாவில் செருப்பு தேய்ந்தவன். கொழுந்தனார் சொன்னது டாபஸ் என்ற ஏஐ நிரலின் வழக்கு. அவர் பாதிதான் கேட்டிருக்கிறார்.

அமெரிக்காவில் மிசோரியில் ஸ்டீபன் தாலர் என்பவர், 1990களிலிருந்தே 'படைக்கும் இயந்திரம்' என்று சொல்லிக்கொண்டிருப்பவர். அவருடைய யோசனை சுவாரசியமானது, கேலி பண்ணும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நெட்வொர்க்குக்கு ஒருவகைப் பொருள்களை நிறையக் காட்டிப் பழக்குவது. பிறகு அதன் உள் இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துவிடுவது. கலைந்த நெட்வொர்க் பார்த்ததையும் பார்க்காததையும் கலந்து உளற ஆரம்பிக்கும், காய்ச்சலில் பிதற்றுகிற மாதிரி. இரண்டாவது நெட்வொர்க் ஒன்று அந்த உளறலைக் கேட்டு, தேறுவதை மட்டும் பொறுக்கும். நீங்கள் கேட்ட நடுவர் அந்த இரண்டாவது நெட்வொர்க். டாபஸ் இதன் வாரிசு.

அவர் 2018இல் இரண்டு பொருளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்று உணவு வைக்கும் பாத்திரம். சுவர் மேடும் பள்ளமுமாக, மடிப்புக்குள் மடிப்பாக இருக்கும், ஒன்றோடொன்று கோத்து நிற்கும், கைக்கும் நழுவாது. மற்றொன்று ஆபத்துச் சமயத்தில் கவனத்தை இழுக்கும்படி ஒரு தினுசாக மின்னும் விளக்கு. கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதாமல் 'டாபஸ்' என்று எழுதினார். அங்கேதான் தகராறு.

தென்னாப்பிரிக்கா 2021 ஜூலையில் பேட்டன்ட் கொடுத்தது. கொழுந்தனார் கேட்டது இதைத்தான். ஆனால் அங்கே பொருள் உண்மையில் புதிதா என்று அலுவலகம் உள்ளே புகுந்து ஆராய்வதில்லை, தாள்கள் ஒழுங்காக இருந்தால் கொடுத்துவிடுவார்கள். அதே மாதம் ஆஸ்திரேலியாவில் ஒரு நீதிபதி தாலர் பக்கம் தீர்ப்புச் சொன்னார், 2022 ஏப்ரலில் முழு அமர்வு அதைக் கவிழ்த்தது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் மறுத்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் மறுத்தது.

இதில் எல்லோரும் தப்பாகப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. எந்திரம் கண்டுபிடிக்குமா, கண்டுபிடிக்காதா என்று பிரிட்டன் நீதிமன்றம் தீர்ப்பே சொல்லவில்லை. டாபஸ்தான் கண்டுபிடித்தது என்ற தாலரின் பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு, சட்டத்தில் 'கண்டுபிடித்தவர்' என்றால் மனிதர்தான் என்று மட்டும் சொன்னது. நான் அதைக் கருவியாக வைத்துக் கண்டுபிடித்தேன் என்று அவர் எழுதியிருந்தால் கதையே வேறு. அவர் அப்படி எழுத மாட்டேன் என்றார். பிடிவாதமா, நேர்மையா, விளம்பரமா என்பது அவரவர் பார்வை. எனக்கு மூன்றிலும் கொஞ்சம் தெரிகிறது.

என் சொந்தக் கருத்து: அந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்து, இது நழுவவில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒரு கை வேண்டும். எங்கள் வேலையிலும் ஆயிரம் யோசனை வரும், 'வேலை செய்ததா?' என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் எழுந்து போய்விடுவார்கள்.

புளியங்கொட்டை எழுதியது:

கிண்டி ஐயா, நன்றி. டாபஸ் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது. அக்கா கேட்ட நடுவர் விஷயத்துக்கு ஒரு துணுக்கு மட்டும் சேர்க்கிறேன். நடுவர் துல்லியமாக இருக்கிற இடத்தில் இந்த நெட்வொர்க்குகள் கண்டுபிடித்ததை யாரும் மறுக்க முடியாது. நாலு வரிசை, நாலு பத்தியாக எண்களை அடுக்கிய கட்டத்தைக் கணக்கில் அணி என்பார்கள். அப்படி நாலுக்கு நாலு அணிகள் இரண்டைப் பெருக்கப் பள்ளிக்கூட முறையில் 64 பெருக்கல் வேண்டும். 1969இல் ஸ்ட்ராசன் என்ற கணித அறிஞர் காட்டிய வழியில் 49. ஆல்ஃபாஸீரோவின் தம்பியான ஆல்ஃபாடென்சர், பெருக்கலை ஒரு விளையாட்டாக மாற்றி ஆடி, 2022இல் 47இல் முடித்தது. ஒன்றும் பூஜ்யமும் மட்டும் வரும் கணக்கில்தான், எல்லா எண்ணுக்கும் இல்லை, பேப்பர்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள். அங்கே நடுவர் பெருக்கிப் பார்த்தாலே போதும், விடை வந்தால் வந்தது. கொஞ்ச நாளில் இரண்டு கணித ஆய்வாளர்கள் அதன் ஐந்துக்கு ஐந்து விடையை எடுத்து, 96 பெருக்கலில் இன்னும் ஒன்றைக் குறைத்து 95 ஆக்கினார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

சியோல்வாசி எழுதியது:

ஒன்பது வருடமாகச் சியோலில் வேலை. கட்டம் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் கல் வைத்து ஆடும் கோ ஆட்டத்தை இங்கே பாதுக் என்பார்கள். எங்கள் அடுக்ககத்துக்குக் கீழே தாத்தாக்கள் தினமும் ஆடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை நானும் போய்த் தோற்பேன்.

2016 மார்ச்சில் இந்த ஊர் ஹோட்டலில்தான் கொரியாவின் பெரிய கோ ஆட்டக்காரர் லீ செடோல், டீப்மைண்டின் கோ நிரலான ஆல்ஃபாகோவிடம் நாலுக்கு ஒன்று என்று தோற்றார். இரண்டாவது ஆட்டத்தின் 37வது கல்லைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஐந்தாவது கோட்டில், தோளில் இடிக்கிற மாதிரி ஆல்ஃபாகோ வைத்த கல். மனிதர் ஒருவர் அங்கே வைக்கப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று அதன் கணக்கே சொன்னது, தெரிந்தும் வைத்தது. இங்கே தாத்தாக்கள் அதைச் சொல்லிவிட்டு உடனே நாலாவது ஆட்டத்தின் 78வது கல்லைச் சொல்வார்கள். அது லீ வைத்தது. அதற்கும் ஆல்ஃபாகோ பத்தாயிரத்தில் ஒன்று என்றுதான் கணக்குப் போட்டிருந்தது. வைத்தபிறகு அது தடுமாறித் தோற்றது. 37 மட்டும் கண்டுபிடிப்பு, 78 இல்லையா என்று கேட்கிறார் எதிர்வீட்டுத் தாத்தா.

புளியங்கொட்டை சார் சொன்ன சுவரோர ஆடு இங்கேயும் உண்டு. ஆனால் தலைகீழாக. அடுத்த வருடம் வந்த ஆல்ஃபாகோ ஸீரோ மனித ஆட்டம் எதையும் பார்க்காமல் மூன்று நாளில் 49 லட்சம் ஆட்டம் ஆடி, லீயைத் தோற்கடித்த பழையதை 100க்கு 0 என்று அடித்தது. மூலை ஆட்டங்களில் நூற்றாண்டுகளாக மனிதர்கள் ஆடிவந்ததைத் தானே கண்டுபிடித்து, ஆடி, சிலதைத் தூக்கியும் போட்டது. ஆனால் 'ஏணி' என்று ஒன்று இருக்கிறது. எதிரிக் கல்லைப் படிப்படியாகத் துரத்திக்கொண்டே போய்ப் பிடிப்பது. முதல் வாரத்திலேயே குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது. அதை ஆல்ஃபாகோ ஸீரோ ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. எது சுலபம், எது கஷ்டம் என்ற நம் வரிசை அதற்குக் கிடையாது.

இன்னும் ஒன்று, உங்கள் பையனுக்குப் பிடிக்கும். கேட்டாகோ என்று இதே மாதிரி தானே கற்ற கோ ஆட்டக்காரன், எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மனிதர் யாரையும்விடப் பலசாலி. 2023 பிப்ரவரியில் கெலின் பெல்ரின் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் அதை 15 ஆட்டத்தில் 14 ஜெயித்தார். ஆடும்போது கணினி உதவி எதுவும் இல்லை. வேறு மூலைகளில் வேடிக்கை காட்டிக்கொண்டே அதன் கல் கூட்டத்தைச் சுற்றி மெல்ல ஒரு பெரிய வளையம் போட்டார். கழுத்து இறுகும்வரை அது கவனிக்கவே இல்லை. நம் தாத்தா அளவு ஆள் ஒருவர் பார்த்தாலே தெரிந்துவிடும் வளையம். தன்னோடு தானே ஆடியபோது இரண்டு பக்கமும் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை போலிருக்கிறது, யாரும் அடித்துச் சொல்லவும் இல்லை. இதில் கூத்து என்னவென்றால், அந்த வளைய உத்தியை முதலில் கண்டுபிடித்தது மனிதர் இல்லை. கேட்டாகோவைத் தோற்கடிப்பது ஒன்றே வேலையாக ஆராய்ச்சியாளர்கள் பழக்கிய இன்னொரு நெட்வொர்க். பெல்ரின் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

மனப்பாடம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த அத்தைக்கு ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிங்கப்பா.

மாடி செஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் எழுதுகிறேன்.

பையனிடம் ஆட்டம் முடிந்தபிறகுதான் அதற்குத் தெரியும், முடிவிலிருந்து பின்னோக்கி ஈரம் ஏறும் என்று சொன்னேன். "அப்ப நாலு கோடி தடவை தோத்துருக்கு" என்றான். இரண்டு பக்கமும் அதுவே என்பதால் நாலு கோடி தடவை ஜெயித்தும் இருக்கிறது என்றேன். அதை அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. வளையம் போட்ட கதையைச் சொன்னதும் மற்றப் பிள்ளைகளும் போர்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

எச் சிப்பாய் விஷயத்தில் ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறோம். தள்ளலாம், ஆனால் ஏன் தள்ளினாய் என்று ஒரு வாக்கியம் எனக்குச் சொல்ல வேண்டும், 'அது ஆடியது' என்பது வாக்கியம் ஆகாது. நாலு பெரிய கிராண்ட்மாஸ்டர்களை உட்காரவைத்து ஆல்ஃபாஸீரோவின் யோசனைகளைப் புதிர்களாகக் காட்டி, அதன் நகர்த்தல்களைப் பார்க்கவைத்து, மறுபடி ஆடச் சொன்னதில் நாலு பேருமே முன்னைவிட நன்றாகக் கண்டார்கள் என்று ஒரு ஆய்வு படித்தேன். அவர்களே பார்த்துத்தான் கற்றார்கள் என்றால் இவன் பார்ப்பதை நான் ஏன் தடுக்க வேண்டும்? பிரெஞ்சு டிஃபென்ஸை விடப் போவதில்லை. பத்து வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளையோடுதான் ஆடுகிறது, 5000 சிப்போடு இல்லை.

கொழுந்தனுக்குக் கிண்டி சார் எழுதியதை அப்படியே அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

புளியங்கொட்டை தம்பி, வகுப்பு முடிந்ததும் பையன் வீட்டுக்குப் போகவில்லை. மாடித் தரையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்டிருக்கிறான், என் அம்மாதான் கீழே இருந்து வந்து கோட்டைத் திருத்தினார். இப்போது ஒரு தகராறு. எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயித்ததாகக் கணக்கு? அம்மா ஆறு என்கிறார். பையன் நெட்டில் பார்த்து வேறு ஏதோ சொல்கிறான். உங்கள் நெட்வொர்க்குக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

புளியங்கொட்டை எழுதியது:

ஐந்து, அக்கா. அத்தை வீட்டுக் கணக்கு. அத்தை புலியாக ஆடும் நாளில் மட்டும் நாலு.